பிளஸ் டூ வகுப்பறையிலிருந்து ஆராய்ச்சிக்கூடம் வரை: முதல் தலைமுறைப் பிள்ளையை அறிவியலுக்கு அனுப்ப ஒரு முழு வழிகாட்டி

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த மதியம் எங்கள் பள்ளி வாசலில் ஒரே கொண்டாட்டமாக இருக்கும். சட்டையில் இங்க் அடித்துக்கொள்வார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள். மறுநாள் காலையில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். ரிசல்ட் வரும்வரை நாலு காசு பார்க்கலாம் என்று திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ கிளம்பிவிடுவார்கள். பள்ளியில் கொடுத்திருந்த போன் நம்பரும் அதோடு மாறிவிடும். நாட்டின் முதல்தரமான அறிவியல் கல்வி நிறுவனங்கள் விண்ணப்பம் வாங்குவது சரியாக அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அறிவு போதாமல் வாய்ப்பை இழந்த பிள்ளைகளைவிட, தேதி தெரியாமலும் கையில் சரியான தாள் இல்லாமலும் இழந்த பிள்ளைகளையே அதிகம் பார்த்திருக்கிறேன். பட்டியல் சாதிப் பிள்ளைகள், மலைவாழ் பிள்ளைகள், வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகள். டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ் என்று நாலு வேலைதான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. 'விஞ்ஞானி' என்பது அவர்களுக்கு டிவியில் வரும் ஆள்.

இந்த வழிகாட்டியைப் பிள்ளைகளைவிட அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்காகவே எழுதுகிறேன். ஆசிரியராக இருக்கலாம், ஊரில் முதலில் டிகிரி முடித்த அக்காவாக இருக்கலாம், மாலையில் டியூஷன் எடுக்கும் இளைஞராக இருக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள் போதும். ஆனால் அந்த ஆள் எட்டாம் வகுப்பிலிருந்து கூடவே வரவேண்டும்.

படி 1: எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே ஆளை அடையாளம் காணுங்கள்

முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளையை மட்டும் பார்க்காதீர்கள். 'ஏன் சார்?' என்று இரண்டாவது முறையும் கேட்கும் பிள்ளையைப் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்க நான் வருடா வருடம் செய்யும் சோதனை ஒன்று உண்டு. காசே செலவில்லை.

ஓர் அட்டையில் குண்டூசியால் ஒரு துளை. வகுப்பு ஜன்னலை மூடிவிட்டு, வெயில் விழும் இடுக்கில் அந்த அட்டையை ஒட்டுகிறோம். துளையிலிருந்து சரியாக 2 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால், அதில் சூரியனின் வட்டமான பிம்பம் விழும். ஸ்கேல் வைத்து அளந்தால் 18, 19 மில்லிமீட்டர் வரும். 2000 மில்லிமீட்டரை அந்த அளவால் வகுத்தால் ஏறத்தாழ 107. சூரியன் இருக்கும் தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதையும் 107-ஆல் வகுத்தால் 14 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் விட்டம் அதுதான். பத்தாம் வகுப்பில் வரும் வடிவொத்த முக்கோணங்கள், அவ்வளவே. சூரியனை நேராக யாரும் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கணக்கு முடிந்ததும் பாதி வகுப்பு கைதட்டிவிட்டு மணியடிக்கக் காத்திருக்கும். ஓரிருவர் மட்டும் கிட்டே வருவார்கள். 'துளையைப் பெருசாக்கினா என்ன சார் ஆகும்?' 'சதுரமா ஓட்டை போட்டாலும் வட்டமாத்தான் விழுமா?' அவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அப்படிக் கேட்டவள் காலாண்டில் கணக்கில் 41 மார்க் வாங்கிய பிள்ளை.

கண்டுபிடித்தபின், அறிவியல் நடக்கும் இடத்தை நேரில் காட்டுங்கள். எங்கள் மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்கள் தெரியவந்தன. அந்த மறைப்பைப் பதிவுசெய்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. 1986-இலிருந்து அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. மலைப்பிள்ளைகள் அந்த வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்தபடியே ஆடு மேய்க்கிறார்கள், உள்ளே போனதில்லை. முன்கூட்டியே விசாரித்து, அனுமதி உள்ள நாளில் அழைத்துப் போங்கள். கொடைக்கானலில் 1899-இலிருந்து சூரிய ஆய்வகம் இருக்கிறது. கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், தரமணியில் கணித அறிவியல் கழகம் என்று உங்கள் பக்கத்திலும் ஏதாவது ஓர் இடம் இருக்கும்.

இந்த வயதுக்கான தேர்வுகளையும் விட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய தேர்வு அது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ நடத்தும் 'யுவிகா' முகாம் இருக்கிறது, அதில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு முன்னுரிமை உண்டு. ஒரு பயிற்சிக்கு விண்ணப்பித்துத் தோற்றாலும் நல்லதே. விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்வது என்றால் என்ன என்று பிள்ளைக்கு அதில்தான் தெரியவரும்.

படி 2: சான்றிதழ்கள். இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்

எங்கள் மாணவி ஒருத்திக்கு மத்திய அரசின் ஓர் அறிவியல் நிறுவனத்தில் இடம் கிடைத்தது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. கையில் தாசில்தார் அலுவலகம் கொடுத்த பச்சை மை சாதிச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது. சரிபார்ப்பில் அதை ஏற்கவில்லை. மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டில் எடுத்த ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ் (பிற்படுத்தப்பட்டவர்களில் வசதி வரம்பைத் தாண்டாத குடும்பம் என்பதற்கான சான்று) வேண்டும் என்றார்கள். கெடு இரண்டு நாள். அதில் ஒரு நாள் ஞாயிறு. திங்கள்கிழமை இ-சேவை மையத்தில் சர்வர் கிடைக்கவில்லை. இடம் போய்விட்டது. படிவம் இரண்டு வகை என்று எனக்கே அன்றுதான் தெரியும். அந்தக் குற்ற உணர்வில் தொடங்கியதுதான் இந்த வேலையெல்லாம்.

ஆகவே வரிசையாகச் சொல்கிறேன். தமிழகத்தின் பிசி, எம்பிசி பட்டியல் வேறு, மத்திய அரசின் ஓபிசி பட்டியல் வேறு. பிள்ளையின் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஓபிசி சான்றிதழை ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக எடுக்க வேண்டும். போன வருடத்தியது செல்லாது. விண்ணப்பம் மார்ச்சில், சான்றிதழ் ஏப்ரலில் என்று இடறும். விண்ணப்பத்தின்போது என்ன கேட்கிறார்கள், சேர்க்கையின்போது என்ன கேட்கிறார்கள் என்று அந்த வருட அறிவிக்கையை வரிவரியாகப் படியுங்கள்.

பழங்குடிப் பிள்ளை என்றால் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். எஸ்டி சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். விசாரணை, ஊர் நேரில் வருதல், அப்பாவுக்கு இருக்கிறதா, தாத்தாவுக்கு இருக்கிறதா என்று மாதக்கணக்கில், சில குடும்பங்களுக்கு வருடக்கணக்கில் இழுக்கும். இருளர், காட்டுநாயக்கர், கொண்டாரெட்டி போன்ற குடும்பங்களில் பெற்றோருக்கே சான்றிதழ் இல்லாத நிலை சாதாரணம். அண்ணன், அக்கா, சித்தப்பா என்று இரத்த உறவில் யாருக்கேனும் இருந்தால் அதன் நகலை இணைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு முறை அலுவலகம் போகும்போதும் மனு எண்ணை எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு எதையும் நம்பாதீர்கள்.

பெயர் இன்னொரு தொல்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கவிதா மு', ஆதாரில் 'கவிதா முருகன்', சாதிச் சான்றிதழில் 'எம். கவித்தா'. நம் ஊரில் இது யாருக்கும் பிரச்சினை இல்லை. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும் விண்ணப்பத்தில் பெரும் பிரச்சினை. மார்க் ஷீட்டில் உள்ளதையே அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கேற்பத் திருத்துங்கள். திருத்த வேண்டிய காலம் பிளஸ் ஒன் விடுமுறை.

வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவை எளிதாகவே கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் வைத்து, ஸ்கேன் செய்த கோப்புகளைப் பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் சேமியுங்கள். சொந்த மின்னஞ்சல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிரவுசிங் சென்டர் அண்ணன் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையும் தன் போன் நம்பரையும் போட்டுவிடுவார். ஹால் டிக்கெட்டும் ஓடிபியும் அவருக்குப் போகும், அவர் மறந்துவிடுவார்.

படி 3: பிளஸ் ஒன்னில் எந்த குரூப்

கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப். சந்தேகமே வேண்டாம், பிள்ளைக்குத் தாங்கும் என்று தோன்றினால் அதில் சேருங்கள். ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் நாலு பாடத்திலும் கேள்வி உண்டு. கணிதத்தை விட்டவர்கள் பின்னால் இயற்பியல் பக்கம் திரும்புவது மிகக் கடினம். உயிரியலை விட்டவர்களுக்கு அவ்வளவு சேதம் இல்லை.

பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குப் போகும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. நுழைவுத் தேர்வுகளில் ஏறத்தாழ பாதிக் கேள்விகள் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வரும். ஒரு பிள்ளையின் இரண்டு வருட உழைப்பை இந்த ஒரு பழக்கம் கெடுத்துவிடுகிறது, மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். பள்ளியில் நடத்தாவிட்டால் சனிக்கிழமை நீங்கள் நடத்துங்கள். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வையும் பிளஸ் ஒன்னிலேயே எழுத வையுங்கள். தேறினால் இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை வருடம் 10,000 ரூபாய்.

பத்தாவதோடு பாலிடெக்னிக் போகும் பிள்ளைக்கும் பாதை மூடிவிடுவதில்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன். டிப்ளமோவில் தொடங்கி, பொறியியல் முடித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வரை போனார்.

படி 4: தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கிலக் கேள்வித்தாள்

ஐசர் தேர்வுக்கும், புவனேஸ்வரில் உள்ள இன்னொரு மத்திய அறிவியல் நிறுவனமான நைசரின் தேர்வுக்கும் தமிழில் கேள்வித்தாள் கிடையாது. நம் பிள்ளைக்கு விசை தெரியும், உந்தம் தெரியும், முடுக்கம் தெரியும். ஃபோர்ஸ், மொமென்டம், ஆக்சிலரேஷன் என்பதை ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். அறிவியல் சொற்களால் அவர்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஒரு பையன் எனக்குக் காட்டினான். இரண்டு பொருட்களின் நிறை 'முறையே' 2 கிலோ, 3 கிலோ என்ற கணக்கு. 'ரெஸ்பெக்டிவ்லி' என்ற சொல்லைப் பார்த்து, அது ஏதோ புது விதி என்று நினைத்து அந்தக் கேள்வியையே விட்டுவிட்டான். நெக்லிஜிபிள், அட் ரெஸ்ட், இனிஷியலி, அஸ்யூம், அட் மோஸ்ட், ஆல் பட் ஒன். பாடப்புத்தகத்தின் பின்னால் உள்ள கலைச்சொல் பட்டியலில் இவை எதுவும் இருக்காது.

அதனால் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம், கீழே என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியம். ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதில் குறைந்தது இரண்டு இந்த மாதிரிச் 'சாதாரண' சொல்லாக இருக்க வேண்டும். 200 பள்ளி நாளில் ஆயிரம் சொல் ஆகிவிடும். ஒரு பாடத்தை முதலில் தமிழில் புரிந்துகொண்டு, அதே பாடத்தை மறுநாள் ஆங்கிலத்தில் வாசிக்க வையுங்கள். தமிழில் புரியாததை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய விடாதீர்கள்.

படி 5: தேர்வுகளும் நாட்காட்டியும்

ஐசர் என்பது மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள். புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என்று ஏழு. எங்கள் பிள்ளைகளுக்கு நான் திருப்பதியையும் திருவனந்தபுரத்தையும் முதலில் எழுதச் சொல்வேன். ஓர் இரவுப் பயணத்தில் வீடு, அதுவே அம்மாக்களுக்குப் பெரிய ஆறுதல். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பு. நுழைவு ஐஏடி என்ற ஒரே தேர்வு வழியாக: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்வி, ஆக 60 கேள்வி, 3 மணி நேரம், 240 மதிப்பெண். சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். பெரும்பாலும் மே இறுதியிலோ ஜூனிலோ நடக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) நான்கு வருட பிஎஸ் படிப்புக்கும் ஐஏடி மதிப்பெண் ஒரு வழி.

நெஸ்ட் தேர்வு புவனேஸ்வர் நைசருக்கும் மும்பை அடிப்படை அறிவியல் மையத்துக்கும். நாலு பாடத்தில் சிறந்த மூன்றை எடுத்துக்கொள்வதால், ஒரு பாடத்தில் பலவீனமான பிள்ளைக்கு இது கொஞ்சம் தோதானது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் பாதிக் கட்டணம்தான். கணிதப் பைத்தியமாக ஒரு பிள்ளை இருந்தால் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். அங்கே விடையைவிட யோசித்த வழிக்கு மதிப்பு அதிகம்.

மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு ஏழரை, ஓபிசிக்கு 27 என்று இடஒதுக்கீடு. பிளஸ் டூ மதிப்பெண் தகுதியிலும் தளர்வு உண்டு. இதைப் பிள்ளையிடம் தலைகுனியாமல் சொல்லுங்கள். அது சலுகை அல்ல, உரிமை. அதைக் கூச்சத்தோடு சொன்னால் அந்தக் கூச்சம் பிள்ளையோடு ஹாஸ்டல் வரை போகும்.

நாட்காட்டியை நான் இப்படிப் போடுகிறேன். பொங்கலுக்குள் பெயர்த் திருத்தங்களும் மின்னஞ்சலும் புகைப்படமும் கையொப்பமும் தயார். பிப்ரவரியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று போன் நம்பர்: சொந்தம், வீடு, தாய்மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ. மார்ச்சில் பொதுத்தேர்வுக்கு நடுவே ஒரு விடுமுறை நாளில் எல்லோரையும் பள்ளிக் கணினி அறையில் உட்காரவைத்து விண்ணப்பம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் பிள்ளை ஊரிலேயே இருக்க வேண்டும். திருப்பூருக்குப் போய்விட்டால் அந்த வருடம் போனது போனதுதான்.

படி 6: வீட்டில் பேசுவது, பணம் புரட்டுவது

ஒரு மாணவியின் அப்பா செங்கல் சூளைக்காரர். திண்ணையில் உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார்: 'சார், அஞ்சு வருசம் படிச்சா வாத்தியார் வேல கிடைக்குமா? அப்புறமும் படிக்கணும்னு சொல்றாளே, எப்ப சார் சம்பாதிப்பா? கட்டிக் குடுக்க வேணாமா?'

நியாயமான கேள்வி. அதற்குக் கனவுக்கதை சொல்லாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள். 17 வயதில் சேர்ந்தால் 22-இல் முதுநிலைப் பட்டம். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வில் தேறினால் அந்த வயதிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. படிப்புக்குக் கொடுக்கும் அந்தப் பணம் சூளையில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சம்பாதிப்பதைவிட அதிகம். நிரந்தரப் பேராசிரியர் வேலை குறைவு, போட்டி அதிகம் என்பதையும் மறைக்காதீர்கள். கல்லூரி ஆசிரியர், அணுசக்தித் துறை, இஸ்ரோ, மருந்து நிறுவனங்கள் என்று வேறு கதவுகள் இருப்பதையும் சொல்லுங்கள். நான் இதையெல்லாம் ஒரு தாளில் வயது வாரியாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டார், சரி என்றார்.

படிப்புக்கால உதவிகள்: அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடம் 80,000 ரூபாய், வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்தில் வருபவர்களுக்கு. நைசரில் சேர்பவர்களுக்கு திஷா உதவித்தொகை. ஐசர்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக்கட்டணம் இல்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற உயர்கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களின் படிப்புச் செலவைத் தமிழக அரசு ஏற்கிறது. 'நான் முதல்வன்' பொறுப்பாளரிடம் இடம் கிடைத்த அன்றே தெரிவித்துவிடுங்கள்.

எந்தத் திட்டத்திலும் முதல் மாதச் செலவு இருக்காது. இடத்தை உறுதிசெய்யச் சில நாட்களுக்குள் கட்ட வேண்டிய தொகை, ரயில் டிக்கெட், பெட்டி, போர்வை, வாளி, கொஞ்ச நாளில் ஒரு லேப்டாப். உதவித்தொகை வர மாதங்கள் ஆகும். கந்துவட்டிக்குப் போகும் இடம் இதுதான். நாங்கள் பழைய மாணவர்களிடம் மாதம் 200 ரூபாய் வாங்கி ஒரு கணக்கில் போடுகிறோம். வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை.

படி 7: இடம் கிடைக்கவில்லையா? இரண்டாவது கதவு

உண்மையில் நான் அதிகம் நம்புவது இந்தக் கதவைத்தான். பதினேழு வயதில், ஒரு நாள், மூன்று மணி நேரத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை தன்னை நிரூபித்தே ஆக வேண்டும் என்பது கொடுமை. பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியலோ வேதியியலோ கணிதமோ சேரட்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மூன்றாம் வருடம், எம்எஸ்சி சேர்க்கைக்கான ஜாம் என்ற தேசியத் தேர்வு. விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். அதில் வாங்கும் இடத்தைப் பொறுத்து ஐஐடிகளில் எம்எஸ்சி, ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த முனைவர் படிப்பு. 60 கேள்வி, 100 மதிப்பெண். எண்ணாகவே விடை எழுதும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை உள்ள கேள்விகளுக்கும் தவறானால் மதிப்பெண் கழியாது, அதை வெறுமனே விட்டுவிட்டு வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

நான் முன்னால் சொன்ன மாணவி, ஓபிசி படிவத்தால் இடம் இழந்தவள், இந்த வழியில்தான் எம்எஸ்சி போனாள்.

பிஎஸ்சி மூன்று வருடத்தில் கோடை விடுமுறை இரண்டு வரும். அவற்றை வீணாக்கக் கூடாது. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். அதற்கான விண்ணப்பம் முந்தைய வருடக் கடைசியிலேயே முடிந்துவிடும். கணித மாணவர்களுக்கு 1993 முதல் நடக்கும் எம்டிடிஎஸ் பயிற்சி முகாம் இருக்கிறது. மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளையைக் கேள்வி கேட்க வைக்க அதைப்போல் வேறொன்றை நான் பார்க்கவில்லை.

நேரடியாகப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதியும் இடம் கேட்கலாம். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குப் போகும். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய ஒரு கட்டுரையின் முன்னுரையையாவது படித்துவிட்டு, பத்து வரியில் எழுத வேண்டும். நான் இன்ன கல்லூரியில் இன்ன வருடம், உங்கள் வேலையில் எனக்குப் புரிந்தது இது, புரியாதது இது, மே, ஜூன் மாதங்களில் வந்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன், மார்க் விவரம் இணைப்பில். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். புரியாததைச் சொல்லும் அந்த ஒரு வரிக்குத்தான் பதில் வரும்.

படி 8: முதல் செமஸ்டர்

இடம் வாங்கிக் கொடுத்ததோடு பலர் கையைக் கழுவிவிடுகிறார்கள். உண்மையான போராட்டம் அங்கேதான் தொடங்குகிறது. வகுப்பில் எல்லோரும் சரளமாக ஆங்கிலம் பேசுகிறார்கள், கோச்சிங் போனவர்கள் பாதிப் பாடத்தை முன்னமே முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். பள்ளியில் முதலிடம் பிடித்த பிள்ளை முதல் தேர்வில் 12 மார்க் வாங்கிவிட்டு, தான் இந்த இடத்துக்கு உரியவன் அல்ல என்று முடிவு கட்டுகிறான். அந்த வாரம் நீங்கள் போன் செய்ய வேண்டும். மார்க்கைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். தனியாகச் சாப்பிடுகிறான் என்றால் ஏதோ சரியில்லை.

யாரோடு சாப்பிடுகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல. இயற்பியலாளர் மேகநாத் சாஹா கொல்கத்தா மாணவர் விடுதியில் இருந்தபோது, அவர் பிறந்த சாதியைக் காட்டி உடன் உண்ண மறுத்தார்கள். 1893-இல் டாக்கா பக்கம் ஒரு சிறுகடைக்காரர் வீட்டில் பிறந்தவர் அவர். 1920-இல் வெளிவந்த அவருடைய அயனியாக்கச் சமன்பாட்டைக் கொண்டுதான் விண்மீன் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையைப் படிக்கிறோம். தலச்சேரியில் 1897-இல் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1931-இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கினார். கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்த காலத்தில் பெண் என்றும் பிற்பட்ட சாதி என்றும் அவரை ஒதுக்கியவர்கள் உண்டு. கடைசிக் காலம் வரை மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபடியே 1984-இல் மறைந்தார். இந்த இரண்டு பேரையும் பிள்ளை கிளம்பும் முன்பே அறிமுகப்படுத்திவிடுங்கள். அவமானம் நடந்தபின் சொன்னால் அது வெறும் ஆறுதல்தான்.

போனவுடன் செய்ய வேண்டியவை: எஸ்சி, எஸ்டி பிரிவின் பொறுப்பாளர் யார் என்று தெரிந்துகொள்வது, அதே மாவட்டத்து சீனியர் ஒருவரைப் பிடிப்பது, பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்கும் பழக்கத்தை முதல் மாதமே தொடங்குவது. ராகிங் என்றால் 1800-180-5522. அரியர் விழுந்தால் மறைக்காமல் வீட்டுக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று முன்னமே பேசி வையுங்கள்.

படி 9: ஆராய்ச்சிக்குள்

எம்எஸ்சி கடைசி வருடம், ஜேஆர்எஃப் வாங்குவதற்கான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு. வேதியியல், புவி அறிவியல், உயிரியல், கணிதம், இயற்பியல் என்று ஐந்து தாள். ஜேஆர்எஃப் வயது வரம்பில் பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசியினருக்கும் தளர்வு உண்டு. ஜேஆர்எஃப் தவறினாலும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்குத் தனித்தனித் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகைகள் இருக்கின்றன.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், பாதியில் போனவர்கள் யார், ஏன் போனார்கள். தலைப்பைவிட இந்தப் பதில் முக்கியம். ஐந்தாறு வருடம் ஒருவரை நம்பி இருக்கப் போகிறார்கள்.

சேர்க்கை நாளில் அங்கேயும் அசல் சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், புது வருடத்து ஓபிசி சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் வாங்கின அந்த பிளாஸ்டிக் கவர் வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும்.